பின்கதவு கேட்ட அக்கா

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கூப்பன் புத்தகத்தில் அந்தப் பெயர்தான் எழுதியிருக்கும். ஆனால் இலங்கை மலைநாட்டு அட்டன் கடைவீதிக்குப் பின்னால் இருந்த அந்த நீளக் கொட்டகையில் வாடகைக்கு இருந்த நாங்கள் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் கண்டால் அக்கா. அவள் அந்தப் பக்கம் போனால் கதவுக்காரி. கதவுக்காரி என்று முதலில் சொன்னது யாரென்று தெரியாது, ஆனால் எல்லாரும் சொன்னோம். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தாலும் அவள் கோபித்துக்கொண்டதாக ஞாபகம் இல்லை.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த அன்றைக்குச் சாயங்காலமே நான் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் லொறி கராஜில் வேலை. கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்து, கொட்டகையின் கடைக்கோடி அறையில் விட்டார். குளிர் எலும்பைக் கடித்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தேடினால், தாழ்ப்பாள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஆணிகள், நடுவில் கட்டிக்கொள்ள ஒரு பழைய சேலைக் கிழிசல். இதை நம்பி எப்படிப் படுப்பது? விறகுக் கட்டை ஒன்றை எடுத்துக் கதவுக்குக் குறுக்கே செருகினேன். செருகிய கையை எடுக்கவில்லை, அதற்குள் வெளியே தட்டும் சத்தம்.

"யாரு அது கட்டையப் போட்டது? எடு புள்ள."

"புதுசாக் கட்டிக்கிட்டு வந்திருக்கோம்க்கா" என்று இவர் உள்ளிருந்து இழுத்தார்.

"கட்டிக்கிட்டா என்ன? இங்க ஒருத்தரும் எட்டிப் பாக்க வரமாட்டாங்க. துணியக் கட்டிக்கங்க. அவசரத்துக்கு ஒரு இழுப்பு இழுத்தாக் கிழியணும். கட்டை கிழியுமா?"

எனக்கு மானம் போனது. தோட்டத்தில் மாமியார் கொடுமை கேள்விப்பட்டிருக்கிறேன். டவுனில் கூடக் குடியிருக்கிறவள் கொடுமை இப்படியா என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கட்டையை எடுத்துவிட்டேன். அவள் சொன்னால் எடுக்காமல் இருக்க முடியாது. எடுக்கும்வரை போகமாட்டாள்.

அந்த வீட்டை நான் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் யாரோ குதிரை கட்டிய கொட்டகை என்பார்கள். நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் பலகை அடித்துத் தடுத்த அறைகள், மேலே தகரம். ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்பது பேச்சுக்கு. என் பக்கத்து அறையில் சேலையைக் குறுக்கே கட்டிக்கொண்டு இரண்டு குடும்பம். இலங்கை அரசாங்கம் எங்கள் தோட்டத்துச் சனத்தின் ஓட்டைப் பறித்த பிறகு வந்த வருஷங்கள் அவை. தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டுப்பட்டவர்கள், தோட்டத்தில் காலம் தள்ள முடியாதவர்கள் எல்லாம் டவுனுக்கு வந்து இந்த மாதிரி இடத்தில்தான் ஒண்டினார்கள். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் கடைப்பக்கமாக ஒரே ஒரு வாசல். அந்த வாசலை ஒட்டித்தான் எல்லாருடைய அடுப்புகளும் வரிசையாக இருந்தன.

அக்கா மிளகாய்க் கிட்டங்கியில் காம்பு கிள்ளும் வேலை பார்த்தாள். சாயங்காலம் திரும்பும்போது கண் சிவந்து, விரல் நுனி எல்லாம் எரிந்துகொண்டு வருவாள். வந்து முகம்கூடக் கழுவமாட்டாள். முதலில் நடையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பாள். யாராவது அரிசி மூட்டையை நடையில் வைத்திருந்தால் ஓரமாகத் தள்ளுவாள். யாராவது குறுக்கே கொடி கட்டித் துணி போட்டிருந்தால் அவிழ்த்து, மடித்து, அவர்கள் கையிலேயே கொடுப்பாள். குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தும் வீடுகளை மூக்கினாலேயே கண்டுபிடிப்பாள். பலகை இடுக்கில் குளிர் வருகிறதென்று கோதுமை மாப்பசை காய்ச்சிப் பழைய பேப்பர் ஒட்டுவோம். அவள் வந்து, மூச்சு விட வழி வேண்டும் என்று அதில் ஒரு சாண் அளவுக்குக் கிழித்துவிட்டுப் போவாள்.

"நம்ம வீட்டு வெளக்கையும் அவ வந்துதான் ஊதி அணைக்கணும் போல" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

பிள்ளைகளுக்கு மட்டும் அவளை ரொம்பப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர்களை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, வெளியே நின்று கை தட்டுவாள். தட்டினால் உடனே வெளியே வர வேண்டும். எதையும் எடுக்கக் கூடாது, செருப்பைத் தேடக் கூடாது, தரையோடு தரையாகத் தவழ்ந்து வர வேண்டும். முதலில் வந்ததற்குக் கமர்கட்டு. கடைசியில் வந்து அழுததற்கும் கமர்கட்டு. அங்கே பிறந்த என் மகள் நடக்கப் பழகியதே அந்த விளையாட்டில்தான். நான் மட்டும் உள்ளூர எரிச்சல்பட்டேன், குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேறு நல்ல விளையாட்டு கிடைக்கவில்லையா என்று.

ஏன் இப்படி இருக்கிறாள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். மழை நாள், கிட்டங்கியில் வேலை இல்லை. அவள் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்தாமலே சொன்னாள்.

"பொகவந்தலாவைத் தோட்டத்துல, லயத்து வரிசையில இருந்தோம். குடும்பத்துக்கு ஒரே அறை, ஒரு காம்பரா, முன்னால இஸ்தோப்புத் திண்ண. அடுப்பு இஸ்தோப்புலதான. எம் மகளுக்குக் காய்ச்சல். உள்ள படுக்க வச்சிட்டுக் கொழுந்து எடுக்கப் போயிட்டேன். பேர் போடலேன்னா வேல வாங்குற கண்டாக்கு விடமாட்டாரு. மலையில நிக்கிறப்பவே பொகை தெரிஞ்சிச்சு. யாரு காம்பரான்னு தெரியல. யாரு காம்பராவோன்னு நெனச்சிக்கிட்டேதான் எறங்கி ஓடினேன்."

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கப் போனேன். தலையைப் பிடித்து நேராக வைத்தாள்.

"அடுப்புலதான் பத்தியிருக்கு. கதவும் அங்கதான. பின்பக்கம் வெறும் செவுரு. புள்ள அந்தச் செவுத்தத்தான் தட்டியிருக்கா. அடுத்த லயத்துல இருந்த பாட்டி ஒண்ணு கேட்டுச்சாம். பாட்டி என்னா செய்யும்?"

அப்புறம் ரிப்பன் இல்லையே என்று தேடி, ஒரு துணி நாடாவால் என் பின்னலை முடிந்தாள். தோட்டத்தில் அவளுக்கு வேறு காம்பரா கொடுத்தார்களாம். அதற்கும் ஒரே கதவு. அங்கே இருக்கமாட்டேன் என்று புருஷனிடம் சொன்னாள். அவன் வரமாட்டேன் என்றான். அவள் தனியாக டவுனுக்கு வந்துவிட்டாள். அன்றைக்குப் பிறகு நான் அவளைக் கதவுக்காரி என்று சொன்னதில்லை. மற்றவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லவும் இல்லை. சொல்லாதே என்று கேட்டுக்கொண்டாள்.

கொட்டகைக்குப் பின்பக்கப் பலகைச் சுவருக்கு அப்பால் ஒரு சந்து உண்டு. அந்தச் சுவரில் ஒரு கதவு வைத்தால் போதும் என்பதுதான் அவள் கேட்டதெல்லாம். வீட்டு முதலாளி மாதாமாதம் வரும்போது வாசலிலேயே மறித்துக்கொள்வாள்.

"முதலாளி, அந்தக் கதவு?"

"பாப்போம்மா, பாப்போம். பின்னால கதவு வச்சாக் கள்ளன் வருவான்."

"வந்து எதை எடுக்கப்போறான் முதலாளி? எங்க பேன் சீப்பையா?"

முதலாளி சிரித்துவிட்டுப் போய்விடுவார். கெட்ட மனுஷர் என்று சொல்ல வரவில்லை. பொங்கலுக்குப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சீத்தைத் துணித் துண்டு கொடுப்பார். கதவை மட்டும் கொடுக்கமாட்டார்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. எங்கள் பக்கம் மிலாறு எப்போதும் ஈரமாகத்தான் கிடைக்கும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப் போட்ட குச்சிகள், மழையில் ஊறியவை. அதனால் எல்லாரும் அடுப்புக்கு நேர் மேலே கயிறு கட்டிப் பலகை வைத்து, அதில் மிலாறை அடுக்கிக் காயவைப்போம். இன்றைக்கு எரிகிற நெருப்பு நாளைய விறகை உலர்த்தும். அக்கா அதை எத்தனையோ தடவை இறக்கி வைத்திருக்கிறாள், நாங்கள் எத்தனையோ தடவை திரும்ப ஏற்றியிருக்கிறோம். அன்றைக்குப் பக்கத்து அறைக்காரியின் கயிறு அறுந்து, காய்ந்த மிலாறு அத்தனையும் எரிகிற அடுப்பில் விழுந்தது. வாசலே தீயாகிவிட்டது.

நான் கடைக்கோடி அறையில் மகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தேன். புகை நடையில் திரண்டு வந்தது. முன்னால் போக முடியாது. பின்னால் பலகை. அந்தக் கொஞ்ச நேரம் நான் பின்சுவரை இரண்டு கையாலும் அடித்தேன். அடிக்கும்போதே அக்காவின் மகள் ஞாபகம் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், அவர்தான் சாக்குகளைத் தண்ணீரில் முக்கி முக்கி எறிந்து தீயை அமர்த்தினார். மற்றப் பிள்ளைகள் எல்லாம் எங்களுக்கு முன்பே வெளியே நின்றன. தீ வாசலை முழுதாக மூடுமுன்பே அக்கா கை தட்டியிருக்கிறாள், அவை தவழ்ந்து வெளியே வந்துவிட்டன. உயிர்ச்சேதம் இல்லை. பக்கத்து அறைக்காரிக்குக் கையில் கொப்புளம், வெளியே வரும்போது எனக்கு முன்மயிர் கருகியது, அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா நடையில் வந்து நின்றபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மிலாறைத் தானாகவே இறக்கி வெளியே கொண்டுபோய் வைத்தார்கள்.

டவுன் சபையிலிருந்து எப்போதாவது சுகாதார அதிகாரி வீடு பார்க்க வருவார், சனிட்டரி மாத்தியா என்போம். வரப்போகிறார் என்று முதலாளியின் கடைப் பையன் முதல்நாளே வந்து சொல்லிவிடுவான். ஆள் கூடுதலாக இருப்பது தெரியக் கூடாதென்று உடனே நாங்கள் பொட்டணம் கட்டுவோம். கூடுதல் பாய்களைச் சுருட்டுவோம், குறுக்கே கட்டிய சேலையை அவிழ்ப்போம், அறைக்கு ஒரு குடும்பம் போக மற்றவர்கள் பிள்ளைகுட்டிகளோடு கோயில் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவோம். பழைய மாத்தியா உள்ளே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, முதலாளி கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். நாங்கள் திரும்பி வருவோம். எல்லாருக்கும் இது வழக்கம்.

தீப்பிடித்த பிறகு புதிதாக ஒருவர் வரப்போகிறார் என்று பையன் சொன்னான். அக்கா நடையில் நின்று எல்லாரையும் கூப்பிட்டாள்.

"இந்தத் தடவ ஒருத்தரும் எங்கயும் போகாதீங்க. இருக்கிறபடியே இருங்க. ஆளும் தெரியட்டும், அடுப்பும் தெரியட்டும். நாமளே ஒளிச்சு வச்சா அவரு எதைப் பாத்து முதலாளிகிட்ட கதவு வைக்கச் சொல்வாரு?"

"சட்டம் எப்பக்கா நம்ம பக்கம் நின்னிருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இது ஓட்டுச் சட்டமா தம்பி? வீட்டுச் சட்டம். வீட்டுக்குக் காத்து வேணும், வெளிச்சம் வேணும், வழி வேணும்னு சட்டத்துல இருக்குதாம். நானா சொன்னாரு. அது யாருக்குன்னு இருந்தா என்ன, நாமளும் வீட்டுலதான இருக்கோம்?"

பின்சுவரை அடித்த என் கை இன்னும் வலித்தது. நான் போகமாட்டேன் என்று முதலில் சொன்னது நான்தான். அப்புறம் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள்.

வந்தவர் இளம் வயது. சிங்களவர், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசினார். தலையை நீட்டிவிட்டுப் போகவில்லை, குனிந்து ஒவ்வோர் அறைக்குள்ளும் வந்தார். அக்கா அவருக்கு முன்னால் நடந்து ஒன்று விடாமல் காட்டினாள். இங்கே எத்தனை பேர் படுக்கிறார்கள், அங்கே தண்ணீர் எப்படி நிற்கிறது, அடுப்பு எங்கே, வாசல் எங்கே. கருகிய பலகையைத் தொட்டுக் காட்டினாள். கடைசியில் எங்கள் அறைப் பின்சுவரில் கையை வைத்து, "இங்க மாத்தியா. இந்த எடத்துல ஒரு கதவு. அவ்வளவுதான்" என்றாள்.

அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "மனுசங்க இருக்கிற எடம் இல்லே இது. நான் செய்யிறேன் அம்மா. கட்டாயம் செய்யிறேன்" என்றார். முதலாளி கடையில் தேத்தண்ணியும் குடிக்கவில்லை. அப்படி ஒரு நேர்மையான ஆள் எங்களுக்கு வந்து வாய்த்தார்.

அன்றைக்கு அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பலகையில் கரித்துண்டால் கதவின் அளவைக் கோடு போட்டு வைத்தாள். குனியாமல் போகிற மாதிரி இருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரரை நிறுத்தி உயரம் பார்த்தாள். அவள் சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்தச் சில நாட்கள் மட்டும்தான்.

அப்புறம் சபையிலிருந்து ஆள் வந்து வாசலில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனான். இங்கிலீஷ். எங்களுக்குப் படிக்கத் தெரியாது. நானாவைக் கூட்டிவந்தோம். அவர் கண்ணாடியைப் போட்டு முழுதும் வாய்க்குள்ளேயே படித்தார்.

"எத்தன கதவுன்னு போட்டிருக்கு நானா?" என்றாள் அக்கா.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கதவப் பத்தி ஒண்ணும் இல்ல தங்கச்சி. இது மனுசர் குடியிருக்கத் தகுதியில்லாத வீடாம். எல்லாரும் காலி பண்ணணுமாம்."

அவள் நம்பவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு மிளகாய் நெடி அடிக்கும் சேலையோடு சபைக்கு ஓடினாள், நானும் கூடப் போனேன். அந்த இளம் மாத்தியா எழுந்து நின்று பேசினார். ஒன்று திருத்த வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும், சட்டத்தில் அவ்வளவுதான் இருக்கிறது என்றார். திருத்த முடியாது, மூடிவிடுகிறேன் என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டாராம். எங்களுக்கு வேறு வீடு கொடுக்கத் தன்னிடம் வழியில்லை என்றார்.

"நான் கதவுதான மாத்தியா கேட்டேன்?" என்றாள். இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நாங்கள் வெளியேறிய அன்று ஆடி மாதத்து மழை. சாமான்களை நானா கடை முன்னால் கொண்டுபோய்ப் போட்டோம். அவர் வியாபாரத்தை நிறுத்திவிட்டு இடம் கொடுத்தார். பக்கத்து அறைக்காரி, அதே கொப்புளம் பட்ட கையை நீட்டி, தெரு நடுவில் நின்று அக்காவை ஏசினாள்.

"ஒன் கதவத் தூக்கி ஒன் தலையில வச்சிக்க! எம் புள்ளைங்க எங்கடி படுக்கும்? பொகையில செத்திருந்தாக்கூட ஒரு கூரைக்குக் கீழ செத்திருப்போம்டி!"

அக்கா அந்தப் பக்கத்து அறைக்காரியின் மூட்டையையும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நடந்தாள். எல்லார் சாமானையும் சுமந்து கொடுத்துவிட்டுத் தன்னுடையதைக் கடைசியில் எடுத்தாள். ஒரு கித்தான் பையும் ஒரு சட்டியும்தான். அந்தப் பிள்ளைகள் அவளைச் சுற்றி வந்து நின்றன. அவற்றைத் தொடாமல் போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாங்கள் கந்தப்பளைக்கே திரும்பினோம். ஓரிரு வருஷம் கழித்து அட்டனுக்குப் போனபோது அந்தச் சந்து வழியாக நடந்தேன். கொட்டகை உருளைக்கிழங்குக் கிட்டங்கி ஆகியிருந்தது. பின்சுவரில், எங்கள் அறை இருந்த இடத்திலேயே, லொறி பின்னால் வந்து நிற்கிற அளவுக்குப் பெரிய கதவு. இரட்டைக் கதவு, புதுச் சாயம். மூட்டை ஏற்ற இறக்க வசதியாக இருக்குமே! அந்த வீட்டின்மேல் மண் வாரித் தூற்றிவிட்டு வந்தேன். தூற்றி என்ன ஆகிறது, கதவு நன்றாகத்தான் இருந்தது.

அக்கா பொகவந்தலாவைக்கே போய்விட்டாள் என்று நானா சொல்லித்தான் தெரியும். பிறகு அந்தப் பக்கம் ஒரு சாவுக்குப் போனவள், விசாரித்துக்கொண்டு அவளைத் தேடிப் போனேன். அவளுடைய சித்தி மகன் குடும்பத்தோடு லயத்தில் இருந்தாள். வெயில் ஏறிய நேரம், எல்லாரும் மலைக்குப் போயிருந்தார்கள். லயமே வெறிச்சென்று கிடந்தது. கதவு சாத்தியிருந்தது. தட்டினேன், சத்தம் இல்லை. என் பெயரைச் சொன்னேன். கதவு ஒரு விரல் அளவு திறந்தது, ஒரு கை என்னை உள்ளே இழுத்தது.

அரை ஆளாகியிருந்தாள். உள்ளேயே மூலையில் அடுப்பு மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். காம்பரா முழுக்கப் புகை. பேசுவதற்குமுன் இருமல்தான் வந்தது.

"புள்ள எப்படி இருக்கா? நல்லா ஓடுறாளா?" என்று கேட்டாள்.

"ஓடுறாக்கா. ஸ்கூலுக்குப் போறா."

அதைக் கேட்டு அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. மேலே பேச முடியாமல் இருவரும் இருமினோம். எனக்குக் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. பொறுக்கமாட்டாமல் எழுந்து கதவைத் திறந்தேன். வெளிச்சம் உள்ளே விழுந்ததும் அவள் பதறி எழுந்தாள்.

"தொறக்காத புள்ள! தோட்டத்துப் பதிவுல எனக்குப் பேர் இல்ல. காவக்காரன் வர்ற நேரம். ஆள் வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சாத் தொரை இவங்களையும் சேத்து வெளிய போட்டிருவாரு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு தடவ எல்லாரையும் ரோட்டுக்குக் கொண்டுவந்தது போதும். சாத்து."

"பொகைக்கா" என்றேன்.

"இருக்கட்டும். சாத்து புள்ள."

நான் சாத்தினேன்.